நிரம்பாத குழி

அந்தக் கட்டடத்துக்கு ஊரில் கல்வீடு என்றுதான் பெயர். ஒல்லாந்தர் காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விளைந்த நெல்லைச் சேர்த்து வைத்துத் தோணிகளில் ஏற்றுவதற்காகக் கட்டிய பண்டகசாலை அது என்று படித்தவர்கள் சொல்வார்கள். யார் கட்டினார்கள் என்பதில் ஊரவர்களுக்கு அக்கறை இருந்ததில்லை. வாவிக் கரையோரம் ஒரு மேட்டில், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, யன்னலில் ஒரு பிள்ளை படுத்துறங்கலாம் என்னுமளவு தடித்த சுவர்களோடு நின்றது. நீண்ட கூடம் ஒன்று, வாவிப் பக்கம் ஒரு சிறிய அறை, பிற்காலத்தில் யாரோ போட்ட ஓட்டுக் கூரை. அவ்வளவுதான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் ஊர் முழுவதும் அதற்குள்தான் உயிரோடு இருந்தது. குடிசைகள் எல்லாம் கரைந்து போனபின் அது மட்டும் தண்ணீருக்கு நடுவில் நின்றதாம். அந்த வெள்ளத்தில் அதற்குள் பிறந்த பிள்ளை என்று ஒரு சிறுமியைக் காட்டுவார்கள். அதன் பிறகு, மாரி தொடங்கியதும் பாயைச் சுருட்டிக் கட்டி வாசலில் தயாராக வைப்பது அங்கு வழக்கமாகிவிட்டது. வெள்ளம் என்றால் கல்வீடு. அதில் யாருக்கும் இரண்டாவது எண்ணம் கிடையாது.

நான் அறுபதுகளின் தொடக்கத்தில் நீர்ப்பாசன ஓவசியராக அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனேன். வவுணதீவுத் துறையில் இறங்கி மாட்டு வண்டியில் மேற்கே போக வேண்டும். மனைவியும், எங்களுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகளும் உடன் வந்தார்கள். எங்களுக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் பள்ளத்தில் இருந்தது. வெள்ளத்தைக் கவனிக்க வந்தவனுக்கு முதலில் வெள்ளம் தெரியட்டும் என்று கட்டினார்களோ என்னவோ.

நான் போன மறுவருடம் கல்வீட்டின் முன்னால் மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை வந்தது. இது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், இதைச் சேதப்படுத்துவதோ மாற்றுவதோ குற்றம் என்று அதில் இருந்தது. ஊர் வட்டவிதானை அதை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வட்டவிதானை என்றால் வட்டைக்கு, அதாவது ஊர் வயல்வெளிக்கு, பொறுப்பானவர். எப்போது விதைப்பது, யார் வயலுக்கு எப்போது தண்ணீர், யாருடைய மாடு யாருடைய வேலியை உடைத்தது எல்லாம் அவர் தலையில்தான். அகன்ற மனிதர். சிரிக்கும்போது வயிறு முழுவதும் சிரிக்கும்.

“இவ்வளவு நாளும் இது நம்மளப் பாதுகாத்த. இனி நாம இதப் பாதுகாக்கிறயாம். நல்ல கதை” என்றார்.

அடுத்து கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பழங்கட்டடங்களைப் பற்றிப் படித்தவர், இளவயது, மரியாதையான ஆள். கட்டடத்தின் அத்திவாரம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க, வாவிப் பக்கத்துச் சுவரின் வெளியோரமாக நீளமாக ஒரு குழி வெட்டினார். ஒல்லாந்தர் அத்திவாரத்துக்குக் கீழே அதைவிடப் பழைய, பெரிய செங்கற்கள் இருந்தன. அவருக்கு அன்று சந்தோசத்தில் சாப்பாடே இறங்கவில்லை. ஒரு செங்கல்லில், அது காயுமுன் மிதித்துவிட்டுப் போன ஒரு நாயின் கால் பதிந்திருந்தது. என் மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் அதற்குள் விரலை வைத்துப் பார்த்து, “இந்த நாய் இப்ப எங்க அப்பா?” என்று கேட்டாள்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. அதிகாரி வேலையை நிறுத்திவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. தோண்டிய மண்ணை வகை வகையாகக் குவித்துப் தடித்த படங்குத் துணியால் மூடிவிட்டு, வட்டவிதானையிடம் கவனமாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். குழியை வேறு மண்ணால் மூடக்கூடாது, வெளி மண் கலந்தால் எது எந்தக் காலத்து மண் என்று பிறகு சொல்ல முடியாது, தை மாதம் நானே வந்து எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடுவேன் என்றார். வட்டவிதானை தலையாட்டினார். அவர் தலையாட்டினால் அது சத்தியம் மாதிரி.

சில நாட்களில் ஒரு கன்று அந்தக் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். வட்டவிதானை யோசித்தார். மண் போடக்கூடாது, கல்லும் போடக்கூடாது. வாக்குக் கொடுத்தாயிற்று. சூடடித்த வைக்கோலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குழி நிறைய அமுக்கி, மேலே தென்னோலை பரப்பிவிட்டார். பார்வைக்குத் தரை சமமாகிவிட்டது. அன்று பின்னேரம் நான் அதைக் கண்டேன்.

“வட்டவிதானையார், வைக்கல் தண்ணியை இழுக்கும். கூரைத் தண்ணி முழுக்க இதுக்குள்ளதான் விழும். சுவருக்கு அடியில இருக்கிற மண்ணையும் கொண்டுபோயிரும்” என்றேன்.

“மண் போடாதெண்டு சொன்ன. கல்லுப் போடாதெண்டு சொன்ன. வைக்கல் போடாதெண்டு சொல்லல்லயே ஐயா.”

“அப்ப தண்ணி அங்கால போறதுக்கு ஒரு சின்ன வாய்க்காலாவது வெட்டுவம்.”

“வெட்டலாம். வெட்டினா அது மாத்தினதா, மாத்தாததா? நீங்கதான் பலகைய வாசிச்ச.”

வாய்க்கால் வெட்டுவது பலகையின்படி மாற்றுவதுதான். வைக்கோல் போடுவது அப்படி இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “ஓவசியர் ஐயாக்குத் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளயும் வெள்ளம் தெரியும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வட்டவிதானையின் வயிறும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

குளக்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டின் வெளிப்புறம் தண்ணீர் கசிந்தால் உடனே பயப்பட மாட்டோம். கையில் அள்ளிப் பார்ப்போம். தெளிவாக இருந்தால் கட்டு வியர்க்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கலங்கி வந்தால், உள்ளங்கையில் மணல் தங்கினால், உள்ளே கட்டு கரைந்துகொண்டிருக்கிறது. அப்போது ஓட வேண்டும். அந்த வைக்கோலைப் பார்த்த நாளிலிருந்து அந்தச் சுவரை என்னால் சுவராகப் பார்க்க முடியவில்லை. ஒரு கட்டாகத்தான் பார்த்தேன்.

மார்கழியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வாவி ஏறிக்கொண்டே வந்தது. சந்தித்தவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் “முகத்துவாரம் வெட்டியாச்சாமா?” என்றுதான் கேட்டார்கள். கடலோரத்து மணல்திட்டை வெட்டி வாவியைக் கடலுக்குள் விட்டால்தான் வெள்ளம் வடியும். வெட்டியதாக ஒருவர் சொல்வார், இல்லை என்று இன்னொருவர் சொல்வார். தண்ணீர் இருவர் சொல்லையும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல் வந்து, மேலெல்லாம் கொப்புளம் போட்டது. கொப்புளிப்பான், சின்னம்மை. ஊர் அதை அம்மாள் வருத்தம் என்னும். அம்மாள் வந்திருக்கிற பிள்ளையைத் தனியாகக் கிடத்த வேண்டும், ஈரம் படக்கூடாது, குளிர் படக்கூடாது. அயல் பெண்கள் வேப்பிலை கொண்டுவந்து தந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர். என் மனைவி வேப்பிலையை மறுக்கவும் இல்லை, செபமாலையை விடவும் இல்லை. இரண்டும் பாயின் தலைமாட்டில் கிடந்தன.

ஒரு காலையில் குவாட்டர்ஸுக்குள் தண்ணீர் வந்தது. முதலில் அடுக்களையில், பிறகு பாயின் ஓரத்தில். மகளைச் சேலையால் சுற்றி, அதன்மேல் படங்கைச் சுற்றி, வட்டவிதானை அனுப்பிய வண்டியில் ஏற்றினோம். எங்கே போகிறோம் என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கல்வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. கைக்குழந்தைகள், கோழிகள், பாய் மூட்டைகள், சுவரோரமாக அடுக்கிய விதைநெல் மூட்டைகள். ஈரச் சீலையும் சுருட்டுப் புகையும் கலந்த மணம். மகளின் முகத்தைக் கண்டதும் பெண்கள் மரியாதையோடு விலகி வழி விட்டார்கள். அம்மாள் வந்த பிள்ளைக்குத் தனி இடம் வேண்டும். அங்கே தனி இடம் என்று இருந்தது வாவிப் பக்கத்து அறை மட்டுமே. ஒருத்தி அதைக் கூட்டித் துடைத்தாள், இன்னொருத்தி கதவு நிலையில் வேப்பங்குழை கட்டினாள். வட்டவிதானையே பாயை விரித்தார்.

“இந்த ஊட்டுலயே நல்ல இடம் இதுதான் ஐயா. ஒரு சொட்டு ஒழுக்கில்ல” என்றார்.

நல்ல இடம்தான். சுவருக்கு மறுபுறம் வைக்கோல் குழி.

மனைவி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் யன்னலில் நின்று வெளியே பார்த்தேன். கூரையின் தண்ணீர் முழுவதும், ஓடையைக் கவிழ்த்தது போல, அந்தக் குழியின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஓலைகள் அடித்துப் போய்விட்டன. வைக்கோல் தெரிந்தது. நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். குழி நிரம்பவில்லை. அவ்வளவு மழைக்கு அது எப்போதோ பொங்கி வழிந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு வழியவில்லை. விழ விழ உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனேன். மேட்டைச் சுற்றி வாவிப் பக்கம் இறங்கினேன். வெள்ளம் மேட்டின் அடியை நக்கிக்கொண்டிருந்தது, காவி நிறத்தில். அதற்குச் சற்று மேலே, புல்லுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது காவி நிறம் இல்லை. வெள்ளை. அரிசி கழுவிய தண்ணீரைப் போல. வைக்கோல் துரும்புகளும் அதோடு வந்தன. கையை வைத்தேன். தண்ணீர் விரலிடுக்கால் வழிந்தபின் உள்ளங்கை நிறைய மணலும் சுண்ணாம்பும் இருந்தது.

திரும்பி வந்தபோது மகள் விழித்திருந்தாள்.

“அப்பா, மேல இருந்து மா கொட்டுது.”

அவளுடைய தலைமயிரிலும் நெற்றியிலும், கொப்புளங்களின் மேலும் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. மனைவி முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். “எலி ஓடுது போல” என்றாள். நான் மேலே பார்த்தேன். யன்னலின் மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு வெடிப்பு இருந்தது. அது முன்பும் இருந்தது. அப்போது அதன் ஓரங்கள் கறுத்துப் பாசி பிடித்திருந்தன. இப்போது ஓரங்கள் வெள்ளையாக இருந்தன.

கூடத்துக்குப் போய் வட்டவிதானையைத் தனியே அழைத்தேன். அவர் தனியே வரவில்லை, அங்கேயே சொல்லச் சொன்னார். சொன்னேன். குழி நிரம்பாததையும், வெள்ளைத் தண்ணீரையும், வெடிப்பையும். கூரையைத் தாங்கும் வளைமரத்தின் ஒரு தலை அந்தச் சுவரில்தான் இருக்கிறது, சுவர் போனால் கூடமும் போகும் என்றும் சொன்னேன்.

“புள்ளைக்கு வருத்தம் எண்டா தகப்பனுக்கு இப்பிடித்தான் எல்லாம் விழுறாப்போல இரிக்கும்” என்றார் அவர். கோபமாக இல்லை, இரக்கமாக. “ஐம்பத்தேழுல வந்த வெள்ளம் இதுக்கு இரண்டு மடங்கு ஐயா. ஒரு கல் அசையல்ல.”

“ஐம்பத்தேழுல குழி இல்ல.”

“உங்களுக்கு அந்த அறை பயம் எண்டா புள்ளையக் கூடத்துக்குள்ள கொண்டு வாங்க.”

அதைக் கேட்டதும் பெண்கள் பக்கம் சலசலத்தது. மடியில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு தாய் எழும்பியே விட்டாள். “என்ட புள்ள பிறந்து மாதம் ஆகல்ல. இதுக்கும் வந்தா ஆர் பாக்கிற?” அவள் கேட்டதில் பிழை இல்லை. நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

போவதற்கு வேறு இடம் என்று ஒன்றுதான் இருந்தது. சற்றுத் தள்ளி, இன்னொரு மேட்டில் கண்ணகையம்மன் கோயில். அந்தப் பக்கத்து வழக்கப்படி அதன் கதவு வைகாசிச் சடங்குக்கு மட்டும்தான் திறக்கும். மற்றக் காலம் யாரும் திறக்க மாட்டார்கள், வெள்ளமானாலும். முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் மட்டும் உண்டு. அதற்குச் சுவர் இல்லை. இடையில் இடுப்பளவு தண்ணீர்.

அறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றும் என்னால் நேராக நினைக்க முடியவில்லை.

“நெருப்பாக் காயுற புள்ளைய இந்த மழைக்குள்ள தூக்கிக்கொண்டு போய்க் கொல்லப் போறீங்களா? எங்களுக்கு இருக்கிறது இது ஒண்டு.”

“அதனாலதான் சொல்றன்.”

“நீங்க பயந்தது எது நடந்திருக்கு? சொல்லுங்க பாப்பம். கலியாணம் முடிச்ச நாளில இருந்து ஒண்டு சொல்லுங்க.”

உண்மை. தோணி கவிழும் என்று பயந்தேன், கவிழவில்லை. பிள்ளை பிழைக்காது என்று பயந்தேன், பிழைத்தாள். பாம்பு, கிணறு, இடி, ஒன்றும் நடக்கவில்லை. மழை நிச்சயம். அது பிள்ளையின் நெஞ்சுக்குள் இறங்கும் என்பதும் ஏறக்குறைய நிச்சயம். சுவர் விழுவது என் பயம் மட்டும். நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன், அவள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருவரும் நின்றோம். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அப்போது நிலையில் ஓர் ஆள் நிழல் விழுந்தது. வட்டவிதானையின் மனைவி. வெற்றிலையைக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு, அதுவரை கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தவர். உள்ளே வந்து மகளின் பக்கத்தில் குந்தினார்.

“என்ன மனே செய்யுது?”

“மா கொட்டுது.”

அவர் பிள்ளையின் நெற்றியிலிருந்த தூளை விரலால் தொட்டு, முகர்ந்து, மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பிப் போய்க் கூடத்துக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“அம்மாள் இறங்கின புள்ளைக்கு அம்மாள்ட வாசலுக்குப் போகணும் எண்டிரிக்கி. தகப்பன் கொண்டுபோகப் போறாரு. ஆர் மறிக்கிற?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. வாயைத் திறக்கப் போனேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

யாரும் மறிக்கவில்லை. அவர் அதோடு விடவில்லை. “அம்மாளத் தனிய அனுப்பிப்போட்டு நாம இஞ்ச குந்திக்கொண்டிரிக்கிற வடிவில்ல. எழும்புங்ககா. புள்ளையளத் தூக்குங்க. குரவை போடத் தெரிஞ்சவள் போடட்டும்.”

முதலில் இரண்டு கிழவிகள் எழும்பினார்கள். பிறகு அந்தக் கைக்குழந்தைக்காரி. அவளுக்குப் பிள்ளையோடு அம்மாளைத் தொடர்ந்து போவதைவிட, போகாமல் இருப்பது பயமாகப் பட்டிருக்க வேண்டும். பெண்கள் எழும்பினால் ஆண்கள் என்ன செய்வார்கள்? மூட்டைகளைத் தோளில் ஏற்றினார்கள். நான் சொன்ன மணலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாத ஊர், வேப்பங்குழைக்குப் பின்னால் நடந்தது. வட்டவிதானையின் மனைவி நம்பியது வெடிப்பையா, அம்மாளையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணியவில்லை.

வட்டவிதானை விதைநெல் மூட்டை மேலிருந்து இறங்கவில்லை.

“நீயும் ஓவசியரோட சேந்திட்டியா?” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“நான் அம்மாளோட போறன். நீங்க உங்கட நெல்லோட இரிங்க.”

“நெல்லு நனைஞ்சா அடுத்த போகத்துக்கு உங்கட அம்மாளா விதைப்பா? போங்க, போங்க. மழை விட்டா வாங்க.”

இரண்டு இளந்தாரிப் பையன்கள் அவருக்குத் துணையாக நின்றார்கள்.

மகளைத் தோளில் போட்டு, படங்கால் மூடி, தண்ணீருக்குள் இறங்கினேன். மனைவி படங்கின் மறுதலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். முன்னால் வட்டவிதானையின் மனைவி வேப்பங்குழையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். பின்னால் மழைக்குள் குரவைச் சத்தம், அறுந்து அறுந்து. படங்குக்குள்ளே பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. அந்தச் சூடு குறையக்கூடாதே என்று இருந்தது, கூடக்கூடாதே என்றும் இருந்தது.

மண்டபத்தில் எங்களுக்கு முன்பே மாடுகள் வந்து நின்றன. அவற்றை ஒதுக்கி, நடுவில் பிள்ளையைக் கிடத்தினோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து முதுகால் காற்றை மறித்தார்கள். மாட்டு மூச்சின் வெப்பம் இருந்தது. மகளுக்கு நடுக்கம் கண்டது, பற்கள் கிட்டின. மனைவி என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். கல்வீடு மழைக்குள் அப்படியே நின்றது. அசையாமல், ஐம்பத்தேழில் நின்றது போல. ஆண்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மழை சற்றுக் குறைந்தது. திரும்பிப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் மூட்டையைத் தூக்கினார்.

சுவர் விழும்போது பெரிய சத்தம் வரவில்லை. நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம். வாவிப் பக்கத்துச் சுவர் முதலில் கீழ்நோக்கி இறங்கியது, சாய்ந்தது பிறகுதான். ஒரு கணம் கூரை எதன் மேலும் இல்லாமல் நின்றது. பிறகு ஓடுகள். மழைக்குள் ஒரு வெள்ளைப் புழுதி எழும்பி, எழும்பிய இடத்திலேயே கரைந்து போனது. கூடத்தின் உட்புறம் எங்களுக்குத் தெரிந்தது, கதவு திறந்தது மாதிரி.

இளந்தாரிகள் இருவரும் கூடத்தின் கடைசித் தூணோடு ஒட்டி நின்று தப்பி வந்தார்கள். கூடத்தில் ஒரு மூலை ஒழுகத் தொடங்கியிருந்ததாம். ஒழுக்கில்லாத அறை சும்மா கிடக்கிறதே என்று வட்டவிதானை விதைநெல்லை அங்கே இழுத்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். என் மகள் படுத்த பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு.

அவருடைய மனைவி உடனே அழவில்லை. பிள்ளைக்கு வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தவர், வீசிக்கொண்டே இருந்தார். ஒருத்தி கையைப் பிடித்து நிறுத்தியபோதுதான் அவருக்கு விளங்கியது போலிருந்தது.

வெள்ளம் வடிந்த பின்தான் இடிபாட்டுக்குள்ளிருந்து வட்டவிதானையை எடுக்க முடிந்தது. அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, போகிறாள் என்று நாங்கள் நினைத்த ஒரு நாளும் வந்து போனது. பிறகு விட்டது. கொப்புளங்கள் காய்ந்தன. தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அதை வார்ப்பதற்கு யாரை அழைப்பது என்று நான் கேட்டேன். மனைவி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு செத்தவீட்டுக்கே போனாள்.

“நான் தொடக்கூடா தங்கச்சி. துடக்குக்காரி” என்றார் வட்டவிதானையின் மனைவி, தீட்டை நினைத்து வாசலுக்கு உள்ளேயே நின்று.

“நீங்க வார்க்காட்டி இவள் முழுகமாட்டாள்.”

பிறகு அவர் கிணற்றடிக்கு வந்தார். அந்தத் தண்ணீரை வார்க்கும்போதுதான் அவர் சத்தம் போட்டு அழுதார். மகளும் பயந்து அழுதாள்.

தை மாதம் அதிகாரி வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, மண்ணைத் திரும்பப் போட்டு மூட. குவியல்களைக் காணவில்லை, சுவரைக் காணவில்லை. விழுந்த இடத்தில் அந்தப் பழைய செங்கல் வரிசை நீளத்துக்கும் கழுவித் துடைத்தது போலத் தெரிந்தது. அவர் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் வைக்கோல் போட்டது யார் என்று கேட்டார்.

“வெளி மண் கலக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டவர்” என்றேன்.

அவர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். அன்று அவர் எதையும் அளக்கவில்லை. ஆனால் அடுத்து வந்தவர்கள் அளந்தார்கள். மிஞ்சிய பாதியைச் சுற்றி முட்கம்பி வந்தது. புதிய பலகையும் வந்தது, முந்தியதைவிடப் பெரியது. நான் மாற்றம் கேட்டு டவுனுக்கு வந்துவிட்டேன்.

இப்போது மகள் ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டாள். முதல் நியமனம் படுவான்கரைக்கு வந்திருக்கிறது. எங்கே என்று கேட்டபோது ஊரின் பெயரைச் சொன்னாள். மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மாற்ற முடியுமா என்று விசாரிக்கப் போனேன். முதல் இரண்டு வருடம் முடியாது என்றார்கள்.

போன கிழமை அவள் தனியாகப் போய்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சந்தோசமாக வந்தாள். வட்டவிதானையின் மனைவி இப்போதும் இருக்கிறாராம், கண் மட்டும் கொஞ்சம் மங்கலாம். தன் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருக்கிறாராம். முட்கம்பியைப் பல இடத்தில் வளைத்து வழி வைத்திருக்கிறார்களாம். நான் கேட்காமலே அதையும் சொன்னாள். அவளுக்கு அந்த நாளில் மாடுகள் மட்டும்தான் நினைவு, மண்டபத்தில் மாடுகளோடு படுத்திருந்தது.

“மழை காலத்தில என்ன செய்வாய்?” என்றேன்.

“அவ சொன்னா, பயப்படாத மனே, வெள்ளம் வந்தா நாம எல்லாரும் கல்வீட்டுக்குத்தான் போற எண்டு. அரைவாசி இன்னும் நல்லா இருக்காம் அப்பா.”

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஐப்பசி பிறந்துவிட்டது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.